ஸ்டெயின் அடிக்க முதல்

மே மாதம் பிறந்தால் கனடாவின் டொரன்டோப் பக்கம், ஏஜாக்ஸ், மார்க்கம், ஸ்காபரோ ஹார்ட்வேர் கடைகளில் எங்கள் ஆட்களை ஓரிடத்தில் கட்டாயம் காணலாம்: டெக் ஸ்டெயின் டின்கள் அடுக்கிய வரிசையில். டெக் என்பது வீட்டின் பின்பக்கம் பலகையால் போட்ட மேடை, ஸ்டெயின் அதற்கு அடிக்கும் நிறப்பூச்சு. ஒரு கையில் டின், மறு கையில் போன். "அண்ணை, எது திறம்?" அந்த அழைப்பு எனக்கும் வரும். பின்வளவில் முழங்காலில் நின்று டெக் திருத்திய என்னைப் பார்த்த உறவுக்காரர் எல்லாரும் சேர்ந்து என்னை இந்த விஷயத்தில் நிபுணனாக்கிவிட்டார்கள். நான் கணக்கெழுதும் வேலைக்காரன், தச்சன் இல்லை. இருந்தாலும் பதில் சொல்வேன். அது கேட்பவருக்குப் பிடிப்பதில்லை. டின்னை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஒரு ஸ்குரூ டிரைவரும் டோர்ச் லைட்டும் எடுத்துக்கொண்டு டெக்குக்குக் கீழே புகுந்து பாருங்கள்.

எந்தக் கம்பனியின் டின் என்பது கடைசிக் கேள்வி. தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த வழியால் மரத்துக்குள் போகிறது, போன தண்ணீர் வெளியே வர வழி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு முந்திய கேள்விகள். டெக்கின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது.

எங்கள் டெக் வீட்டோடு வந்தது. 12க்கு 16 அடி, நிலத்திலிருந்து மூன்றடி உயரம், வளவுக்கு இறங்க நாலு படி. முன்பு இருந்தவர் அதற்குக் கடும் பழுப்பு நிறத்தில், மரத்தின் ரேகையே தெரியாமல் மூடும் சொலிட் ஸ்டெயினை அடுக்கடுக்காக அடித்திருந்தார். இலையுதிர்காலத்தில் வீடு பார்க்கப் போனபோது வடிவாகத்தான் இருந்தது. ஏப்ரலில் பனி கரைந்த பிறகு பார்த்தால், கதவிலிருந்து படிவரை நடக்கும் வழி முழுக்கச் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. உரிந்த இடத்தில் விரலை வைத்தால் அடியில் ஈரம்.

அந்த ஈரம்தான் கதை. சொலிட் ஸ்டெயின் மரத்துக்குள் ஊறுவதில்லை. மேலே ஒரு தோலாக நிற்கும். பலகையின் வெடிப்பு, ஸ்குரூ ஓட்டை, வெட்டிய முனை என்று பத்து வழியால் தண்ணீர் உள்ளே போய்விடும், அந்தத் தோல் காரணமாக வெளியே வரத் தாமதிக்கும். தெற்கு ஒன்ராறியோவில் நவம்பர் முதல் ஏப்ரல்வரை பகலில் உருகி இரவில் உறைவது எத்தனையோ தடவை நடக்கும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். விரிந்தால் தோல் கிளம்பும். அதே ஸ்டெயின் கைப்பிடிக் கம்பிகளில் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்து நிற்கும் மரத்தில் தண்ணீர் வழிந்து ஓடிவிடுகிறது. அதன்மேல் ஒருவரும் நடப்பதுமில்லை.

வேலையைத் தொடங்க முதல் டெக்கின் வயசைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே பின்வளவு டெக்குகளில் பெரும்பாலானவை உக்காமல் இருக்க அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றிய பைன், ஸ்புரூஸ் வகை மரங்கள்; பிரஷர் டிரீட்டட் என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள். 2003 முடியும்வரை அந்த மருந்தில் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் கலந்திருந்தன. அந்த வருஷக் கடைசியோடு கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பாவனைக்கு அதை நிறுத்தினார்கள். பிறகு வந்த மருந்துகள் செம்பை நம்பியவை; புது மரத்தில் தெரியும் பச்சைச் சாயல் அந்தச் செம்பால் வருவது. உங்கள் டெக் 2004க்கு முந்தியது என்றால் கீழே நான் சொல்லப்போகும் உரிப்பும் தேய்ப்பும் உங்களுக்கு இல்லை. தேய்த்தால் ஆர்செனிக் தூளாகப் பறக்கும். கடுமையான துப்புரவு மருந்துகளும் உள்ளிருப்பதை வெளியே இழுத்துவிடும். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, உள்ளே ஊறும் ஸ்டெயினை ஒழுங்காக அடித்துவந்தால் கசிவு குறையும். பலகையைக் கழற்றினால் அதை நெருப்பு மூட்டும் குழியில் போடவே கூடாது. இந்தக் கடைசி விஷயம் புதிய மருந்து மரத்துக்கும் பொருந்தும். எங்கள் வீட்டுப் பத்திரங்களோடு நகரசபை அனுமதிப் பத்திரமும் இருந்தது, அதில் 2009 என்று போட்டிருந்ததால் நான் துணிந்து இறங்கினேன்.

இனி ஸ்குரூ டிரைவர். தூண்களின் அடி, படியைத் தாங்கும் சாய்வுப் பலகை நிலத்தைத் தொடும் இடம், பூச்சாடி வைத்திருந்த இடம், பலகைகளைத் தாங்கும் சட்டங்கள் வீட்டோடு சேரும் மூலை, இங்கெல்லாம் முனையை வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தள்ளும். உக்கிய மரத்தில் அது தேத்தண்ணியில் தோய்த்த பாணில் இறங்குவதுபோல இறங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் உக்கவைக்கும் பூஞ்சணம் அதில் வளராது. ஆகவே உக்கல் கண்ட இடம் எல்லாம் நெடுநாள் காயாமல் கிடந்த இடம் என்று எடுத்துக்கொள்ளலாம். பலகையை மாற்றினால் மட்டும் போதாது, அது ஏன் காயவில்லை என்றும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மூலையில் கூரைப் பீலியின் குழாய் நேராக டெக்குக்குக் கீழே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயை நீட்டி வேலிப்பக்கம் திருப்பிவிட்டதுதான் அந்தக் கோடையில் நான் செய்த ஆகத் திறமான வேலை. ஸ்டெயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டெக்கை வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கும் நீட்டுப் பலகைக்கு லெட்ஜர் என்று பெயர். டெக் இடிந்து விழுந்தால் முதலில் சந்தேகிப்பது இந்த இணைப்பைத்தான். அதை வெறும் ஆணியால் அடித்திருக்கிறார்களா, தடித்த போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கு மேலே, சுவருக்கும் பலகைக்கும் இடையில் மழை புகாமல் தகடு மடித்து வைத்திருக்க வேண்டும். ஆணி மட்டும் தெரிந்தால், அல்லது பலகை மென்மையாக இருந்தால், ஸ்டெயின் கதையை விட்டுவிட்டுத் தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். எங்கள் ஆட்களின் பிறந்தநாளுக்கு டெக்கில் ஒரே நேரத்தில் முப்பது பேர் ஏறிநிற்பது புதினமில்லை. கைப்பிடியையும் ஆட்டிப் பாருங்கள். ஒன்ராறியோ கட்டட விதிப்படி நிலத்திலிருந்து 600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட டெக்குக்குக் கைப்பிடி வேலி கட்டாயம். எங்களுடையதைப்போல உயரம் குறைந்த டெக்குக்கு அந்த வேலி குறைந்தது 900 மில்லிமீற்றர் உயரம் இருக்க வேண்டும், கம்பிகளுக்கு இடையில் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது. குழந்தையின் தலையை மனதில் வைத்து எழுதிய கணக்கு அது.

எங்கள் லெட்ஜர் தப்பியிருந்தது. படியின் அடியும் சாடிக்குக் கீழே இருந்த பலகைகளும் போய்விட்டன. மேற்பக்கம் வெடித்து, அடிப்பக்கம் நல்லதாக இருந்த சில பலகைகளைக் கழற்றிப் புரட்டிப் போட்டேன். அடிப்பக்கம் வெயிலே காணாததால் புதுப் பலகைபோலவே இருந்தது, காசும் மிச்சம். ஸ்குரூ வாங்கும்போது மருந்து மரத்துக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். செம்பு மருந்து சாதாரண இரும்பைத் தின்றுவிடும். தடிப்பான நாகமுலாம் பூசியது அல்லது துருப்பிடிக்காத உருக்குத்தான் நிற்கும்.

புதுப் பலகையை அளவுக்கு வெட்டினால் வெட்டிய முகத்தை அப்படியே விடாதீர்கள். மருந்து மரத்தின் நடுமட்டும் போயிருக்காது. வெட்டும்போது மருந்து தொடாத உள்மரம் வெளியே வருகிறது. அதோடு நார்களின் வாய் திறந்திருப்பது அந்த முகத்தில்தான், பலகையின் மேற்பரப்பைவிட அது பல மடங்கு வேகமாகத் தண்ணீர் உறிஞ்சும். இதற்கென்று கடையில் எண்ட் கட் என்ற பெயரில் பச்சை, பழுப்பு நிறங்களில் சிறு டின் விற்கிறார்கள். ஒரு பழைய பிரஷால் பூசிவிட்டால் முடிந்தது. காசு கொடுத்துச் செய்விக்கும் டெக்குகளில்கூட இதைத் தவறவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் ஒருவரும் கேட்பதுமில்லை.

பழைய சொலிட் ஸ்டெயினை எடுப்பதுதான் ஆள்கொல்லி வேலை. அதற்கான ஸ்ட்ரிப்பர்களில் பல சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது கோஸ்டிக் சோடா சேர்ந்தவை. நீட்டுக் கை உறை, கண்ணாடி, பழைய சப்பாத்து இல்லாமல் தொடக் கூடாது. சுற்றியிருக்கும் செடிகளை முதலில் தண்ணீரால் நனைத்து, பிளாஸ்டிக்கால் மூடிவிடுங்கள். மருந்தைப் பூசி டின்னில் சொன்ன நேரம் காயவிடாமல் ஈரமாக வைத்திருந்து, தும்புப் பிரஷால் மரத்தின் ஓட்டத்தோடு தேய்த்து, கழுவ வேண்டும். நேர் வெயிலில் செய்தால் மருந்து காய்ந்து வேலை இரட்டிக்கும். மப்பும் மந்தாரமுமான காலை இதற்கு நல்லது. அடுக்கடுக்காக அடித்த இடங்களுக்கு இரண்டாம் தரமும் போட வேண்டிவரும்.

தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்துவந்து ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். கொங்கிரீட்டுக்குச் சரி. பைன் மரத்தில் அழுத்தம் கூடினால் மென்மையான நார்கள் பறந்து, கடினமான வரிகள் மட்டும் மேடாக நிற்கும். கால் வைத்தால் சிராய் ஏறும். தெருவில் ஒரு வீட்டு டெக்கில் வாஷரின் கோடுகள் எழுத்து எழுதியதுபோலப் பதிந்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். பாவிப்பதென்றால் அழுத்தம் 1,000 முதல் 1,500 பிஎஸ்ஐக்குள், விசிறிபோல விரியும் முனையைப் போட்டு, ஒரு அடி தள்ளிப் பிடித்து, மரத்தின் ஓட்டத்தோடு நிற்காமல் நகர்த்த வேண்டும். நான் தோட்டக் குழாயோடு நிறுத்திக்கொண்டேன்.

உரித்த பிறகு மரம் கறுத்துப்போய்க் கிடக்கும். பயப்பட வேண்டாம். அது ஸ்ட்ரிப்பரில் இருந்த காரம் செய்த வேலை. அதற்கு மேல் ஒக்ஸாலிக் அமிலம் சேர்ந்த பிரைட்டனரைத் தெளித்துச் சற்று நேரம் விட்டுக் கழுவினால், கண் முன்னாலேயே நிறம் திரும்பும். மரத்தில் மிஞ்சிய காரத்தையும் அது தணிக்கும். ஆணியைச் சுற்றிய கறுப்பையும் எடுக்கும், அந்தக் கறுப்பு இரும்பும் மரத்தில் இயல்பாக உள்ள தனின் என்ற பொருளும் சேர்ந்து உண்டானது. பெரும்பாலானோர் தவறவிடும் கட்டம் இது. காரம் மிஞ்சிய மரத்தில் ஸ்டெயின் சரியாகப் பிடிக்காது. உரிக்க ஒன்றுமில்லாமல் பாசியும் அழுக்கும் மட்டும் என்றால் ஸ்ட்ரிப்பர் வேண்டாம். சோடியம் பெர்கார்பனேட் போதும், ஒக்சிஜன் ப்ளீச் என்று விற்பது அதுதான். தண்ணீரில் கரைத்தால் ஹைட்ரஜன் பெரொக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரிந்து நுரைத்து வேலை செய்யும். உடுப்புக்குப் போடும் குளோரின் ப்ளீச் பாசியைக் கொல்லும்தான், கூடவே மர நாரையும் பழுதாக்கும். அதை அமிலத்தோடோ அமோனியாவோடோ கலந்தால் நச்சுவாயு வரும் என்பதால் நான் அதை வளவுக்கே கொண்டுவருவதில்லை.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டு மாமா. "தம்பி, இவ்வளவு பாடு என்னத்துக்கு? ஊரில கூரை மரத்துக்குப் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசிப்போட்டு விடுவம். கறையான் கிட்டவும் வராது."

"அது கூரையில இருக்கிற மரம் மாமா. இது சின்னன்கள் வெறுங்காலோட ஓடுற இடம். மழைக்குக் கழுவுப்பட்டு உங்கட தக்காளிப் பாத்திக்குத்தான் வரும்."

தக்காளி என்றதும் மாமா விட்டுவிட்டார். பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகளும் எரிந்த கழிவும் இருக்கின்றன. இங்கே அதை மண்ணில் விடுவது சட்டப்படியும் பிழை.

கழுவிய மரம் காய வேண்டும். மேற்பரப்பு காய்ந்தது கண்ணுக்குத் தெரியும், உள்ளே தெரியாது. நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் இரண்டு மூன்று நாள். மழை இடையில் வந்தால் திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு ஊசி உள்ள சிறிய ஈரமானி அவ்வளவு விலையில்லை. 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அடிக்கலாம். மானி இல்லாவிட்டால் பலகையில் சில துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி திரண்டு நின்றால் மரம் இன்னும் எதையும் குடிக்கத் தயாரில்லை, கெதியாக ஊறிப் போனால் தயார்.

புது டெக் போட்டவர்களுக்கு "ஒரு வருஷம் விட்டுவிட்டு அடியுங்கோ" என்று ஒரு அறிவுரை உலாவுகிறது. மருந்து ஏற்றிய புது மரம் ஈரத்தோடு வருவதால் உடனே அடிக்கக் கூடாது என்பது சரி. ஒரு வருஷம் என்பது கூடிப்போச்சு. மர நார்களை ஒட்டிப் பிடிக்கும் லிக்னின் என்ற பசையை வெயிலின் புறஊதாக் கதிர் உடைக்கிறது, மரம் சாம்பல் நிறமாவது அதனால்தான். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், மடிசன் நகரில், 1910 முதல் இயங்கும் அரசாங்க வன உற்பத்தி ஆய்வகம் இதைப் பலகைகளை வெயிலில் வைத்தே சோதித்திருக்கிறது. சில வார வெயில் பட்டாலே பூச்சு பிடிக்கும் பலம் குறையத் தொடங்குகிறது. சாம்பல் நாரின்மேல் அடித்த ஸ்டெயின் அந்த நாரோடு சேர்ந்தே கழன்றுபோகும். ஆகவே மாதக் கணக்கை விட்டுத் தண்ணீர்த் துளியிடம் கேளுங்கள். சாம்பல் பிடித்துவிட்டதென்றால் முதலில் கழுவி எடுத்துவிட்டு அடியுங்கள்.

சான்ட்பேப்பர் போடுவதானால் 60 அல்லது 80ஆம் இலக்கம். அதைவிட நைசாகத் தேய்த்தால் கைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் நாரின் வாய் அடைபட்டு ஸ்டெயின் ஊறாது. சாப்பாட்டு மேசை செய்பவரின் பழக்கம் டெக்குக்கு உதவாது. தூளுக்கு முகமூடி போடுங்கள்.

இப்போது டின்னுக்கு வருவோம். நிறமே இல்லாத கிளியர் தண்ணீரை ஓரளவு தடுக்கும், வெயிலைத் தடுக்காது; வெயிலைத் தடுப்பது நிறத்தூள்தான். நிறம் கூடக் கூடப் பாதுகாப்பும் கூடும், கூடவே மரத்தின் ரேகை மறையும். கடைசியில் இருப்பது எங்கள் பழைய எதிரி சொலிட். நடக்கும் தளத்துக்கு நான் எடுத்தது செமி டிரான்ஸ்பேரன்ட், நிறமும் இருந்து ரேகையும் தெரியும், உள்ளே ஊறும் வகை. அது தேயும், வெளிறும், உரியாது. திரும்ப அடிக்கும்போது உரிக்கும் வேலை இல்லை என்பதற்காகவே அதை எல்லாருக்கும் சொல்கிறேன். கைப்பிடிக்குச் சொலிட் வேண்டுமென்றால் தாராளமாக அடியுங்கள். இன்னொன்று: "நான் அடிச்சது எண்ணெய் ஸ்டெயின், பத்து வருஷம் நிண்டது" என்று சொல்லும் பெரியவர்களின் டின் இன்று கடையில் இல்லை. 2009இல் கனடா அரசு பெயின்ட், ஸ்டெயின் வகைகளில் ஆவியாகிக் காற்றைக் கெடுக்கும் கரைப்பான்களுக்கு உச்ச அளவு விதித்தது. அதன் பிறகு பல தயாரிப்புகள் தண்ணீருக்கு மாறின, சில பெயரை மாற்றாமலே உள்ளடக்கத்தை மாற்றின. ஆகவே பிரஷ் எது, எத்தனை கோட், கழுவ எது என்பதை டின்னின் முதுகைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பொதுவாகத் தண்ணீர் வகைக்கு நைலோன் போன்ற செயற்கை இழை, எண்ணெய் வகைக்கு இயற்கை மயிர்.

எப்போது அடிப்பது? வெப்பம் 10 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையில், மழை இல்லாத இரண்டு நாள், பலகையில் நேர் வெயில் விழாத நேரம். ஜூலை மத்தியானத்தில் பலகை சுடும். ஸ்டெயின் ஊற முதல் மேலேயே காய்ந்துவிடும். ஜூன் தொடக்கத்தில் எங்கள் பக்கம் பொப்லர் மரத்தின் பஞ்சு பறக்கும், ஈர ஸ்டெயினில் விழுந்தால் டெக்குக்குத் தாடி முளைத்துவிடும். அதற்கு முந்தி மேப்பிள் விதைகள் சுழன்று சுழன்று விழும். செப்டெம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே விடுமுறையை ஒட்டிய கிழமைகள் எனக்குப் பிடித்தவை. ஒரே கவனம், காலைப் பனித்துளி காய்ந்த பிறகு தொடங்கி, மாலை ஈரம் இறங்க முதல் ஊறவிட வேண்டும்.

பல டின் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலக்குங்கள், டின்னுக்கு டின் நிறம் சற்று மாறும். அடியில் நிறத்தூள் படியும் என்பதால் அடிக்கடி கலக்க வேண்டும். கைப்பிடியை முதலில் முடித்துவிட்டுத் தளத்துக்கு இறங்குங்கள். எல்லாரும் தளத்தின் பரப்பை வைத்து நேரத்தைக் கணக்குப் போடுகிறார்கள். கம்பி ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம் இருப்பதை மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் தளத்தைவிடக் கைப்பிடிதான் நேரம் தின்றது. தளத்தில் இரண்டு மூன்று பலகைகளை எடுத்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிற்காமல் அடித்துப் போக வேண்டும். நடுவில் நிறுத்தினால், காய்ந்த விளிம்பின் மேல் ஈரம் ஏறி அந்த இடம் கறுப்புப் பட்டையாக நிற்கும். ரோலரால் போட்டாலும் பிரஷால் ஒருதரம் தள்ளி உள்ளே ஊறவைக்க வேண்டும். மரம் குடிக்கும் அளவுதான் கணக்கு. கால் மணித்தியாலத்துக்குப் பிறகும் மேலே பளபளத்து நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். விட்டால் ஒட்டும் தோலாகக் காயும். காசு கொடுத்து வாங்கியதை ஏன் துடைக்கிறாய் என்று என் மனைவி கேட்டார். மிச்சம் நின்ற ஒரு மூலையில் அவரின் செருப்பு ஒட்டிய பிறகு கேட்கவில்லை.

அந்தத் துடைத்த துணிகள் ஆபத்தானவை. எண்ணெய் வகை ஸ்டெயின், விசேஷமாக லின்சீட் எண்ணெய் சேர்ந்தது, காயும்போது காற்றிலுள்ள ஒக்சிஜனோடு சேர்ந்து சூட்டை உண்டாக்கும். துணியைச் சுருட்டிக் குப்பையிலோ கராஜ் மூலையிலோ போட்டால் சூடு வெளியேற முடியாமல் தானே தீப்பிடிக்கும். தீக்குச்சி தேவையில்லை. வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள உலோக வாளியில் தண்ணீருக்குள் அமுக்கி வையுங்கள். இந்த ஒரு விஷயத்தை மட்டும் போனில் கேட்பவர்கள் எல்லாருக்கும் கேளாமலே சொல்லிவிடுவேன்.

அடித்து முடித்த டெக்கை எங்கள் வாழ்க்கைமுறை சோதிக்கும் விதம் தனி. வீட்டுக்குள் மணக்கக் கூடாது என்று மீன் பொரிப்பதும் நண்டுக்கறி வைப்பதும் வெளியே, காஸ் அடுப்பில். மஞ்சள் கறை பட்டால் கவலைப்படாதீர்கள், சில நாள் வெயிலில் அது தானே வெளிறும். எண்ணெய் வெளிறாது. தெறித்த உடனே மாவைத் தூவி உறிஞ்சவிட்டு, பிறகு கோப்பை கழுவும் சவர்க்காரத்தால் தேய்க்க வேண்டும். அடுப்புக்குக் கீழே தீத்தாங்கும் பாய் ஒன்று போட்டால் இந்தப் பாடே இல்லை. கறிவேப்பிலைச் சாடி மே நீண்ட வார இறுதிக்குப் பிறகு வெளியே வந்து செப்டெம்பர்வரை ஒரே இடத்தில் குந்தியிருக்கும். அடியில் வட்டமாக உக்கல் தொடங்குவது அங்கேதான். சாடிக்குக் கால் வைத்து ஒரு அங்குலமாவது உயர்த்துங்கள், இடைக்கிடை நகர்த்துங்கள். மாமி மோர்மிளகாய் காயப்போட்டால் சுளகிலோ தட்டிலோ போடச் சொல்லுங்கள். மருந்து மரத்தின்மேல் சாப்பாட்டுச் சாமானை நேராக வைக்கக் கூடாது. விருந்துக்குப் பச்சைக் கம்பளம் விரிப்பவர்கள் விருந்து முடிந்ததும் சுருட்டிவிடுங்கள். நிரந்தரமாகக் கம்பளம் விரித்த டெக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் என்ன நடக்கிறது என்று விளங்கும்.

பலகைகளுக்கு இடையில் இருக்கும் இடைவெளிதான் டெக்கின் வடிகால். மேப்பிள் இலையும் விதையும் அதற்குள் இறுகி மண்ணாகிவிட்டால் தண்ணீர் அங்கேயே நிற்கும், அடியிலுள்ள சட்டம் முதலில் உக்கும். இலையுதிர்காலத்தில் கூட்டுவதோடு நிற்காமல் ஒரு தட்டையான கத்தியால் இடைவெளிகளைக் கிளறிவிடுவேன். பனிக்குப் பிளாஸ்டிக் சவள், பலகையின் நீளவாக்கில். மரம் தெரியுமட்டும் சுரண்டத் தேவையில்லை, ஒரு மெல்லிய படை இருந்தால் பாதகமில்லை. உப்பு ஸ்குரூக்களையும் இணைப்புத் தகடுகளையும் அரிக்கும். வழுக்கினால் படியில் மட்டும், உப்புக்குப் பதிலாக ஐஸ் கரைக்கும் கல்சியம் மக்னீசியம் அசிற்றேற் தூவுகிறேன்.

வசந்தத்தில் ஒரு கழுவல், பிறகு தண்ணீர்த் துளிச் சோதனை. வெயில் விழும் தெற்குப் பக்கமும் நடக்கும் வழியும் இரண்டு மூன்று வருஷத்தில் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். அப்போது கழுவி, பிரைட்டனர் போட்டு, காயவிட்டு ஒரு மெல்லிய கோட். ஒரு வார இறுதி வேலை. கைப்பிடி இதைவிட நாள் தாங்கும்.

இதெல்லாம் வேண்டாம், கொம்போசிட் போட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், கையில் காசு இருந்து, அடிச்சட்டமும் நல்ல நிலையில் இருந்தால். பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்த அந்தப் பலகைக்கு ஸ்டெயின் வேண்டாம். கழுவ வேண்டும், கடும் நிறம் என்றால் வெயிலில் கால் சுடும், கீழே தாங்கி நிற்பது அதே மருந்து மரம்தான்.

மிஞ்சிய ஸ்டெயினின் மூடியில் நிறத்தின் பெயர், இலக்கம், அடித்த வருஷம் மூன்றையும் தடித்த பேனாவால் எழுதி வையுங்கள். தண்ணீர் வகை உறைந்தால் கெட்டுவிடும் என்பதால் கராஜில் விடாமல் நிலவறைக்குக் கொண்டுபோங்கள், சூடேற்றிக்குப் பக்கத்தில் வேண்டாம். இனித் தேவையில்லை என்றால் குப்பைப் பையிலோ வடிகாலிலோ போடாமல், பெயின்ட் ஏற்கும் நகராட்சி அபாயக் கழிவு நிலையத்தில் மூடியோடு அப்படியே கொடுத்துவிடலாம்.